கையும் கண்ணாடியும்

நிலமும் வீடும் வள்ளமும் மனிதனுக்குப் பின்னர் வந்து சேர்பவை. கை ஒன்றே அவனோடு பிறந்து, அவனோடு வளர்ந்து, அவனுக்குச் சோறிடுவது. மன்னார்க் கரையில் வாழும் மக்களுக்கு இதனை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பேசாலையிலும் தலைமன்னாரிலும் விடத்தல்தீவிலும் விடியற்காலையில் வலையை இழுப்பது கை. தீவின் திண்ணைகளிலே பனையோலையை வார்ந்து பாயும் பெட்டியும் கடகமும் இழைப்பது கை. கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் வயல்களிலே வரம்பு கட்டுவதும் களை பிடுங்குவதும் கை. அத்தகைய கை ஒருநாட் காலையில் திடீரென அசைய மறுத்துவிடுமாயின், அது ஒருவருக்கு வந்த நோய் மாத்திரமன்று. அடுப்பும் தொழிலும் பிள்ளைகளின் படிப்பும் ஒருங்கே தடுமாறும் நிலை அது.

இந்நிலையைப் பெரும்பாலும் உண்டாக்குவது பாரிசவாதம். பாரிசம் என்றால் பக்கம். உடம்பின் ஒரு பக்கத்தைச் செயலிழக்கச் செய்வதனால் இந்நோய் அப்பெயர் பெற்றது. ஆனால், நோய் கண்ட இடம் கையுமன்று, காலுமன்று. மூளையே அதன் இடம். மூளைக்குக் குருதி கொண்டு செல்லும் நாளம் ஒன்று குருதிக்கட்டியினால் அடைபடுகின்றது. அல்லது வெடித்துக் கசிகின்றது. பெரும்பாலோருக்கு நேர்வது அடைப்பே. குருதி கிடைக்காத மூளைப் பகுதி சில நிமிடங்களிலேயே மடியத் தொடங்குகின்றது. மூளையினின்று உடம்புக்கு ஆணை கொண்டு செல்லும் நரம்புப் பாதைகளிற் பெரும்பாலானவை கழுத்துக்கு மேலே, முகுளம் என்னும் பகுதியில், ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு மாறுகின்றன. ஆதலால் மூளையின் இடப்பாதியிலே கேடு நேர்ந்தால் வலக்கையும் வலக்காலும் செயலிழக்கின்றன. பலருக்குப் பேச்சும் தடைப்படுகின்றது.

இதிலிருந்து நேயர்கள் உணரத்தக்க உண்மை ஒன்று உண்டு. அசையாது கிடக்கும் அந்தக் கையின் எலும்பும் தசையும் நரம்பும் பழுதுபட்டவை அல்ல. ஆணை பிறக்கும் இடமோ, ஆணை வரும் பாதையோதான் பழுதுபட்டிருக்கின்றது. மன்னார் மக்கள் அறிந்த ஓர் உவமை கொண்டு இதனை விளக்கலாம். 1990ஆம் ஆண்டிலே தலைமன்னாருக்குச் சென்ற புகையிரதம் போரினால் நின்று போயிற்று. அதனாலே தலைமன்னார் என்னும் ஊர் இல்லாமற் போய்விடவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் மக்கள் வேறு வழிகளாற் போய்வந்தார்கள். 2015ஆம் ஆண்டிலே தண்டவாளம் மீண்டும் இடப்பட்டு, புகையிரதமும் வந்து சேர்ந்தது. மூளையிலும் இதனையொத்ததொரு செயல் நிகழ்கின்றது. மடிந்த உயிரணுக்கள் மீண்டும் எழுவதில்லை. ஆயினும், அவற்றின் அயலிலே எஞ்சி நிற்கும் உயிரணுக்கள் புதிய தொடர்புகளை உண்டாக்கி, இழந்த வேலையில் ஒரு பங்கையேனும் தம்மேல் ஏற்றுக்கொள்ளும் ஆற்றல் படைத்தவை. அந்த ஆற்றலைத் தூண்டுவது பயிற்சி ஒன்றே.

பயிற்சி இல்லாதபோது நேர்வது யாது? அமெரிக்க அறிஞர் எட்வர்ட் டௌப் குரங்குகளை வைத்து நடத்திய சோதனைகளினால் இதற்கு விடை கண்டார். உணர்ச்சி இழந்த கையினால் ஒரு பொருளைப் பற்ற முயன்று, மீண்டும் மீண்டும் தோல்வியுற்ற குரங்கு, அக்கையை மறந்தே விடுகின்றது. பின்னர் அக்கையை அசைக்கக்கூடிய ஆற்றல் திரும்பினாலும் அதனைப் பயன்படுத்துவதில்லை. பயன்படுத்தாமையையே அது கற்றுக்கொள்கின்றது. மனிதருக்கும் இதுவே நேர்கின்றது. முதல் வாரங்களில் நோயாளி தம் கையை உயர்த்த முயல்கின்றார், அது எழுவதில்லை. வீட்டார் அன்பு மிகுதியினாலே சோறு ஊட்டுகின்றனர், சட்டை அணிவிக்கின்றனர். சில மாதங்களில் அக்கை மடியிலே கிடக்கும் ஒரு பொருளாகிவிடுகின்றது. விரல்கள் மடங்கி இறுகுகின்றன, தோள் நோகின்றது. மூளையிலே பழுது நேர்ந்தது ஒரு நாளில். கை கைவிடப்படுவதோ பல நாள்களில், மெல்ல மெல்ல. அந்தப் பல நாள்களை வீணாக விடாமற் காப்பதற்குத் துணைசெய்யும் எளிய கருவிகளுள் ஒன்றுதான், எல்லார் வீட்டிலும் உள்ள முகம் பார்க்கும் கண்ணாடி.

இக்கண்ணாடியை மருத்துவத்துக்குக் கொண்டுவந்தவர் ஒரு தமிழர் என்பது நேயர்களுக்கு மகிழ்ச்சி தருவதாகும். விளையனூர் சுப்பிரமணியன் இராமச்சந்திரன் 1951ஆம் ஆண்டிலே தமிழ்நாட்டிற் பிறந்தவர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிலே மருத்துவம் பயின்று, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்று, பின்னர் அமெரிக்காவிலே சான் டியேகோ நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராய் விளங்கியவர். கையோ காலோ துண்டிக்கப்பட்டவர்களை அவர் ஆராய்ந்தார். இத்தகையோருட் பலர், இல்லாத கை இன்னும் இருப்பது போலவே உணர்கின்றனர். சிலருக்கு அந்த இல்லாத கை விரல்களை இறுக மூடிக்கொண்டு, நகம் உள்ளங்கையிற் பதிவது போன்ற கொடிய வலியையும் தருகின்றது. திறக்கலாம் என்றாலோ கையே இல்லை.

இராமச்சந்திரன் ஒரு பெட்டியின் நடுவிலே கண்ணாடியை நிறுத்தினார். நோயாளி தம் நல்ல கையைக் கண்ணாடியின் முன்னே வைத்து, அதன் பிம்பத்தைப் பார்த்தார். இழந்த கை இருக்க வேண்டிய இடத்திலே ஒரு கை தோன்றியது. நல்ல கையைத் திறந்து மூடியபோது, இழந்த கையே திறந்து மூடுவதாகத் தோன்றியது. சிலருக்கு ஆண்டுக்கணக்காக இறுகியிருந்த அந்த மாய விரல்கள் அவிழ்ந்தன, வலியும் தணிந்தது. இவ்வாராய்ச்சியின் முடிவுகள் 1990களில் வெளிவந்தன. கண் காண்பதை மூளை எவ்வளவு நம்புகின்றது என்பதனை அவை உலகுக்கு உணர்த்தின.

இல்லாத கைக்கே இவ்வளவு பயன் உண்டாயின், இருந்தும் அசையாத கைக்கு ஏன் பயன்படலாகாது என்னும் வினா எழுவது இயல்பே. 1999ஆம் ஆண்டிலே, எரிக் ஆல்ட்ஷூலர் என்னும் மருத்துவரும் இராமச்சந்திரனும் வேறு சிலரும் சேர்ந்து நடத்திய சிறு சோதனை ஒன்று லான்செட் என்னும் மருத்துவ இதழில் வெளிவந்தது. அதிலே பங்குகொண்டோர் ஒன்பது பேர். அனைவரும் பாரிசவாதம் கண்டு ஆறு மாதங்களுக்கு மேல் ஆனவர்கள். நான்கு வாரம் கண்ணாடியைக் கொண்டும், நான்கு வாரம் ஒளி ஊடுருவும் வெறுந் தகட்டைக் கொண்டும் அவர்கள் பயிற்சி செய்தார்கள். நாளொன்றுக்கு இரு முறை, ஒவ்வொரு முறையும் பதினைந்து நிமிடம், வாரத்தில் ஆறு நாள் என்பது திட்டம். வெறுந் தகட்டைவிடக் கண்ணாடியைக் கொண்டு பயின்ற வாரங்களிலேயே கூடிய முன்னேற்றம் காணப்பட்டது.

ஒன்பது பேரைக் கொண்டு ஒரு மருத்துவத்தை நிலைநாட்டிவிட முடியாது. ஆகவே ஆராய்ச்சி விரிந்தது. 2008ஆம் ஆண்டிலே துருக்கி நாட்டிலே, வைத்தியசாலையில் தங்கியிருந்த நாற்பது நோயாளர்களிடம் சோதனை நடந்தது. அனைவருக்கும் வழக்கமான சிகிச்சை அளிக்கப்பட்டது. அதனோடு, ஒரு சாரார் நாளுக்கு அரைமணி நேரம் கண்ணாடி முன் மணிக்கட்டையும் விரல்களையும் அசைத்தனர். மறு சாரார் கண்ணாடியின் பளபளப்பற்ற பின்புறத்தைப் பார்த்து அவ்வாறே அசைத்தனர். பிம்பத்தைக் கண்டவர்கள் கையைக் கூடுதலாகப் பயன்படுத்தலாயினர். ஆறு மாதத்துக்குப் பின்னரும் அந்நன்மை எஞ்சியிருந்தது. ஆனால், தசையின் இறுக்கம் அதனாற் குறையவில்லை. பின்னர், சோதனைகள் பலவற்றை ஒருங்கே நிறுத்துப் பார்க்கும் கொக்ரேன் ஆய்வுக் குழுவினர் 2018ஆம் ஆண்டிலே 62 ஆய்வுகளையும், அவற்றிற் பங்குகொண்ட 1982 பேரையும் கணக்கிலெடுத்தனர். வழக்கமான சிகிச்சைக்குத் துணையாகச் செய்யப்படும் கண்ணாடிப் பயிற்சி கைகால் அசைவையும் அன்றாட வேலைகளைச் செய்யும் திறனையும் ஓரளவு உயர்த்துகின்றது என்பது அவர்கள் கண்ட முடிவு.

'துணையாக' என்பதும் 'ஓரளவு' என்பதும் இங்கே கருதத்தக்க சொற்கள். கண்ணாடி மந்திரக்கோல் அன்று. அதன் முன் அமர்ந்த எல்லாரும் எழுந்து வலை வீசப் போவதில்லை. ஒருவருக்கு விரல் இரண்டு விரிகின்றது; மற்றொருவர் குவளையைப் பற்றிக்கொள்கின்றார்; வேறொருவருக்குப் பயன் மிகச் சிறிது. ஆயினும், சட்டைப் பொத்தானைத் தானே பூட்டிக்கொள்ள முடிவதும், தட்டை ஒரு கையாற் பிடித்து மறு கையால் உண்ண முடிவதும் நோயாளிக்குச் சிறு செயல்கள் அல்ல.

கண்ணாடி எவ்வாறு இதனைச் செய்கின்றது? இதிலே ஆய்வாளர்கள் இன்னும் முற்றாக ஒருமனப்படவில்லை. கை அசையும்போது, 'அசைந்தேன்' என்னும் செய்தி தசையிலிருந்து மூளைக்குத் திரும்ப வேண்டும். பாரிசவாதத்தில் அச்செய்தி குன்றுகின்றது. அதன் இடத்தைக் கண் காணும் பிம்பம் நிரப்புகின்றது என்பர் சிலர். பிம்பத்தைக் காணும்போது, பழுதுற்ற பக்கத்திலே கையை இயக்கும் மூளைப் பகுதி கிளர்ச்சியுறுகின்றது என்பர் வேறு சிலர். மறந்துபோன கையின் மேல் நோயாளியின் கவனத்தைக் கண்ணாடி மீட்டுத் தருகின்றது என்பதும் ஒரு கருத்து. மூன்றும் ஒருங்கே உண்மையாகவும் இருக்கலாம்.

இனி, செய்யும் முறையைப் பார்க்கலாம். நோயாளி மேசையின் முன் நேராக அமர்தல் வேண்டும். நெஞ்சுக்கு நேரே, மேசையின் நடுவிலே கண்ணாடியைச் செங்குத்தாக, விழாதபடி நிறுத்தல் வேண்டும். பளபளப்பான முகம் நல்ல கையின் பக்கம் இருத்தல் வேண்டும். செயலிழந்த கை கண்ணாடியின் பின்னே முற்றாக மறைந்திருத்தல் வேண்டும். நல்ல கை முழுவதும் தோன்றும் அளவுக்குக் கண்ணாடி பெரிதாயிருத்தலும், அதன் ஓரங்கள் கையைக் கீறாதிருத்தலும் தேவை. மோதிரம், காப்பு, கைக்கடிகாரம் என்பவற்றைக் கழற்றிவிட்டால் பிம்பம் மறு கையைப் போலவே தோன்றும். பின்னர் கண்ணை அகற்றாது பிம்பத்தையே பார்த்துக்கொண்டு, நல்ல கையை மெல்ல மெல்ல அசைத்தல் வேண்டும். மணிக்கட்டை மேலும் கீழும் மடக்குதல், உள்ளங்கையைப் புரட்டுதல், விரல்களை மூடித் திறத்தல், பெருவிரலால் மற்றை விரல்களை ஒவ்வொன்றாகத் தொடுதல் என்னும் அசைவுகள் முதலில் போதும். மறைந்துள்ள கையையும் அவ்வாறே அசைக்க மனத்தினால் முயலுதல் வேண்டும். அசையாவிட்டாலும் முயற்சி வீணாவதில்லை. சில நாள் சென்றபின், கரையிற் பொறுக்கிய சிப்பியையோ சோகியையோ ஒவ்வொன்றாக எடுத்து வைக்கலாம். பனையோலைத் துண்டை மடிக்கலாம். பழகிய தொழிலின் அசைவுகளிலே கைக்கு ஆர்வம் மிகுதி.

நாளொன்றுக்கு அரைமணி நேரம், வாரத்தில் ஐந்து நாளேனும், குறைந்தது நான்கு வாரம் செய்தல் வேண்டும். ஒரே முறையிற் களைப்புற்றால் கால்மணி நேரமாக இரு முறை செய்யலாம். தொடக்கத்திலே சிலருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் உண்டாகும். சிலர் அசையாத கை அசைவதைக் கண்டு கலங்கி அழுவதும் உண்டு. அவ்வேளையிற் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுத்து, சற்று ஓய்வு கொள்ளல் வேண்டும். செயலிழந்த தோளைப் பிடித்து இழுப்பதும், மடங்கிய விரல்களை வலிந்து நிமிர்த்துவதும் தவிர்க்கத்தக்கவை. பார்வை குன்றியவர்களுக்கும், சொல்வதை விளங்கிக்கொள்ள இயலாதவர்களுக்கும், உடம்பின் ஒரு பக்கத்தையே உணராதவர்களுக்கும் இப்பயிற்சி பொருந்துமா என்பதை இயன்மருத்துவரோ தொழில்வழிச் சிகிச்சையாளரோதான் கூறல் வேண்டும். எல்லாருக்குமே முதற் பாடம் அவர்களிடம் பெறுவதுதான் முறை.

மன்னார் போன்ற இடத்துக்கு இம்முறை ஏற்றது எனக் கருதுவதற்குக் காரணம் உண்டு. பாரிசவாதத்துக்குப் பின்வரும் பயிற்சி ஒருநாட் காரியமன்று; வாரமும் மாதமும் தொடர்வது. தலைமன்னாரிலிருந்து மாவட்டப் பொது வைத்தியசாலை உள்ள மன்னார் நகருக்குத் தீவின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு வரல் வேண்டும். தெற்கே சிலாவத்துறையிலிருந்தோ வடக்கே இலுப்பைக்கடவையிலிருந்தோ வருவதானாலும் தூரம் சிறிதன்று. நடக்க இயலாத ஒருவரை நாள்தோறும் அழைத்து வருவதற்கு வண்டிக் கூலியும் வேண்டும், கூட வருபவரின் ஒருநாள் உழைப்பும் வேண்டும். பல குடும்பங்கள் இரண்டு மூன்று முறை வந்தபின் நின்றுவிடுவதற்குக் காரணம் அசட்டையன்று, இயலாமையே. கண்ணாடியோ வீட்டிலேயே இருப்பது. வைத்தியசாலையில் ஒருமுறை கற்றுக்கொண்டு, வீட்டிலே நாள்தோறும் செய்து, குறித்த நாளிலே சிகிச்சையாளரிடம் காட்டித் திருத்திக்கொள்ளலாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒருவர் தாத்தாவின் அருகிலிருந்து எண்ணிக்கை சொல்வதே போதுமான துணையாகிவிடும்.

மன்னாருக்கு இன்னுமோர் உறவும் இக்கண்ணாடியோடு உண்டு. 2009ஆம் ஆண்டில் முடிவுற்ற நெடும்போரிலே எறிகணையாலும் மிதிவெடியாலும் கால் இழந்தோர் இம்மாவட்டத்திலும் அதன் அயலிலும் வாழ்கின்றனர். இல்லாத காலிலே எழும் வலியை வெளியிற் சொன்னால் பிறர் நம்பார் என்று மறைப்போர் உண்டு. அவ்வலி கற்பனையன்று, மூளையிலே உண்மையாக நிகழ்வது. மிதிவெடியாற் காலிழந்த கம்போடிய மக்களிடையே நடந்து 2018இல் வெளிவந்த ஆய்வு ஒன்றிலும், நீண்ட கண்ணாடியை இரு கால்களுக்கிடையே நிறுத்தி நல்ல காலின் பிம்பத்தைப் பார்த்துச் செய்த பயிற்சி வலியைத் தணித்தது. ஆதலால் வீட்டுக்கு ஒரு கண்ணாடி என்பது இரு வகைத் துயருக்கும் உதவக்கூடும்.

இவ்வளவும் நோய் வந்த பின்னர்ச் செய்யத்தக்கவை. அதற்கு முந்திய கடமை ஒன்று உண்டு. முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை தளர்ந்து விழுதல், பேச்சுக் குழறுதல் என்பவை திடீரெனத் தோன்றினால், அது பாரிசவாதம் எனக் கொண்டு அக்கணமே வைத்தியசாலையை நாடுதல் வேண்டும். அடைப்பினால் வந்த நோயாயின், குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள்ளேயே ஏற்றல் வேண்டும். அதற்கு முன்னர் மூளையைப் படமெடுத்துப் பார்த்தல் வேண்டும். 2016இல் தொடங்கிப் பின்னர் வடமாகாணத்துக்கும் விரிந்த 1990 என்னும் இலக்கமுடைய அம்புலன்ஸ் சேவையைக் கட்டணமின்றி அழைக்கலாம். எண்ணெய் தடவிப் பார்க்கலாம், விடிந்த பின்னர்ப் போகலாம் என்று காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடத்திலும் மூளையின் உயிரணுக்கள் இலட்சக்கணக்கில் மடிகின்றன. ஒருமுறை நோய் கண்டவர் குருதி அமுக்கத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மருந்துகளை இடைவிடாது உட்கொள்ளலும், புகைத்தலை விடுதலும், உப்பைக் குறைத்தலும் மறுமுறை அந்நோய் வாராதிருக்கச் செய்பவை. கருவாடும் உப்புக்கண்டமும் நாள்தோறும் இடம்பெறும் கடற்கரை வீடுகளில் இது சிறப்பாகக் கருதத்தக்கது.

பாரிசவாதம் கண்ட பின் முதல் மூன்று மாதங்களிலேயே மீட்சி விரைவாக நிகழ்கின்றது. அதன் பின்னர் வேகம் குறைகின்றது. எனினும் கதவு அடைபட்டுவிடுவதில்லை. 1999ஆம் ஆண்டுச் சோதனையிலே முன்னேறியவர்கள் அனைவரும் ஆறு மாதம் கடந்தவர்களே என்பதை நினைவிற் கொள்ளல் நன்று. ஆகவே, 'இனி இந்தக் கை வராது' என்னும் தீர்ப்பை அயலவரோ உறவினரோ அவசரப்பட்டு வழங்கிவிடலாகாது. நோயாளி தம் கையை நாளுக்கு அரைமணி நேரமேனும் நினைத்திருக்கட்டும். வீட்டாரும் அந்த அரைமணி நேரத்தை அவருக்கென்று ஒதுக்கட்டும். எவ்வளவு திரும்புமோ அவ்வளவும் திரும்புவதற்கு இடங்கொடுத்தல் வீட்டிலுள்ள யாவருக்கும் உரிய கடமையாகும்.